பதவியில் இருந்தபடியே மாற்றுக்கருத்து: 1975 காட்டிய எல்லை

அமைச்சரவைக் கூட்டத்தில் எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் வாதிடலாம். முடிவு எடுக்கப்பட்டபின் வெளியில் எல்லோரும் ஒரே குரலில் பேச வேண்டும், மனம் ஒப்பாதவர் பதவி விலக வேண்டும் என்பதே கூட்டுப் பொறுப்பின் சாரம். 2003 மார்ச்சில் இராக் போரை ஏற்க முடியாத பிரிட்டன் அமைச்சர் ராபின் குக் அந்த நெறிப்படியே பதவியைத் துறந்து, பதவியில்லாத உறுப்பினர்கள் அமரும் பின்வரிசையில் எழுந்து நின்று தன் காரணங்களை அவையின் முன் வைத்தார். அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனாலும் எல்லாச் சூழலிலும் பதவி விலகல் ஒன்றே வழி என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் நீடிப்பதா வெளியேறுவதா என்று 1975இல் பிரிட்டன் முதன்முறையாக நாடு தழுவிய பொதுவாக்கெடுப்பு நடத்தியபோது, ஆளும் தொழிற்கட்சியே இரண்டாகப் பிளந்து நின்றது. நீடிக்கலாம் என்று அமைச்சரவையில் 16 பேரும் கூடாதென்று 7 பேரும் கருத்துச் சொன்னார்கள். டோனி பென், பார்பரா காசில், மைக்கேல் ஃபுட் போன்ற பெருந்தலைகள் அந்த எழுவரில் இருந்தனர். மாற்றுக்கருத்துள்ள அமைச்சர்கள் மக்களிடையே தாராளமாகப் பிரசாரம் செய்யலாம், ஆனால் நாடாளுமன்ற நடவடிக்கைகளுக்கும் அரசு அலுவல்களுக்கும் அந்தச் சுதந்திரம் பொருந்தாது என்று பிரதமர் ஹரால்டு வில்சன் வரையறுத்தார்.

அந்த வரம்பு வெறும் பேச்சாக நின்றுவிடவில்லை. ஏப்ரல் 9 அன்று தொழில்துறை இணையமைச்சர் எரிக் ஹெஃபர் மக்களவையில் எழுந்து, நீடிக்கலாம் என்ற அரசின் பரிந்துரைக்கு எதிராகப் பேசினார். உடனே பதவி நீக்கப்பட்டார். அதே நாள் வாக்கெடுப்பில் அரசின் பரிந்துரையை எதிர்த்து வாக்களித்த அமைச்சர்களோ பதவியில் தொடர்ந்தார்கள். வாக்களிக்கலாம், வாய் திறக்கக் கூடாது என்பது முதல் பார்வைக்கு அநீதியாகத் தோன்றலாம். எனக்கு அது சரியான இடத்தில் போட்ட கோடாகவே படுகிறது. அரசு பதில் சொல்லக் கடமைப்பட்ட இடம் அவைதான். அங்கே ஓர் அமைச்சர் அரசின் பெயரால் ஒன்றைச் சொல்ல, இன்னொருவர் அதை மறுத்துப் பேசினால், உறுப்பினர்கள் யாரிடம் கணக்குக் கேட்பார்கள்?

ஆகவே, தீர்ப்பு மக்கள் கையில் விடப்பட்ட ஒரே ஒரு பொருளுக்கு, முன்கூட்டியே, பகிரங்கமாக, முடிவு தேதியோடு தரப்படும் அனுமதியை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா என்ற பொதுவாக்கெடுப்பின்போது பிரதமர் டேவிட் கேமரன், அமைச்சர் மைக்கேல் கோவ் உள்ளிட்டோருக்கு அளித்ததும் இந்த வகையே. அனுமதி ஏதுமின்றி, நாளிதழ்களுக்குச் செய்தியைக் கசியவிட்டுச் சொந்த அமைச்சரவையின் முடிவையே குலைக்கும் பழக்கத்தை இதோடு சேர்த்துப் பேசக் கூடாது.

1975 ஜூன் 5 அன்று வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 67 விழுக்காட்டினர் நீடிப்பதை ஆதரித்தனர். பென் அந்தத் தீர்ப்பை வெளிப்படையாக ஏற்றார். சில நாட்களிலேயே வில்சன் அவரைத் தொழில்துறையிலிருந்து எரிசக்தித் துறைக்கு மாற்றினார். தரப்பட்ட அனுமதிக்குள் நின்று பேசியவரை அவ்வளவு விரைவில் இடம் மாற்றியது, அனுமதியின் மதிப்பையே குறைத்துவிட்டது என்பது என் கருத்து.