ஈர மணலில் ஒரு நேர்கோடு

கராத்தேயில் கட்டா என்றால், தனியாக வரிசை தவறாமல் போட வேண்டிய அசைவுகளின் தொகுப்பு. அதில் தெக்கி ஷோதான் கட்டாவின் வரிசை எனக்கு ஒரே வாரத்தில் மனப்பாடம் ஆகிவிட்டது. அதை ஒழுங்காகப் போட எட்டு மாதம் ஆனது. நடுவில் ஒரு கிரேடிங்கில், அதாவது பெல்ட் தேர்வில், ஃபெயிலும் ஆனேன்.

36 வயதில் ஒயிட் பெல்ட் கட்டிக்கொண்டு, ஏழாம் வகுப்புப் பையன்களுக்குப் பின்வரிசையில் போய் நின்றவள் நான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மொட்டைமாடியில்தான் வகுப்பு. ஷோடோகான் பாணி. ஐந்து ஹெயான் கட்டாக்களையும் ஒருவழியாகத் தாண்டினால் அடுத்து தெக்கி. ஹெயானில் முன்னே பின்னே திரும்பி மாடி முழுக்கச் சுற்றி வரலாம். இதில் அந்த வசதி கிடையாது. வலப்பக்கம் ஒரு தடவை, இடப்பக்கம் ஒரு தடவை, மறுபடி வலப்பக்கம். எல்லாம் ஒரே கோட்டின்மேல். மொத்தம் 29 அசைவு, 15-லும் 29-லும் கியாய் என்ற உரத்த கத்தல், முடிக்கும்போது புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்க வேண்டும்.

தெக்கி என்றால் இரும்புக் குதிரை. ஒக்கினாவாவில் இதன் பழைய பெயர் நைஹாஞ்சி, ஷோடோகானைத் தோற்றுவித்த ஃபுனாகோஷி கிச்சின் வைத்த பெயர்தான் தெக்கி. பெயருக்கேற்ற மாதிரி கிட்டத்தட்ட கட்டா முழுவதும் கிபா தாச்சி, அதாவது குதிரைமேல் உட்கார்ந்த நிலை. முட்டி வெளியே தள்ளியிருக்கணும், இரண்டு பாதமும் முன்னே பார்த்து இணையாக இருக்கணும். முதல் மாதம் கீழே உட்கார்ந்து எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது, அவ்வளவு தொடைவலி.

கிரேடிங் அன்று தேர்வாளர் என் கையைப் பார்க்கவே இல்லை. கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரே வரி எழுதினார்: கிபா தாச்சி இல்லை. கையை ஏனோதானோவென்று வீசிய பக்கத்துப் பையன் பாஸ். வண்டியில் வீடு வரும்வரை அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் மாஸ்டர், "அக்கா, கட்டாவை மேல்பாதி போடுது. கால் வேற ஏதோ பண்ணுது. ஈர மணல்ல போட்டுப் பாருங்க" என்றார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், ஆனால் சொன்னால் சரியாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குத் தேவனாம்பட்டினம் வெள்ளி கடற்கரை. முதல் நாள் புத்தி இல்லாமல் கடலுக்குப் பக்கவாட்டில் நின்றேன். கரைச் சரிவில் ஒரு கால் தாழ்ந்துபோய் முட்டி வலித்ததுதான் மிச்சம். அடுத்த வாரம் கடலைப் பார்த்து நின்றேன், அப்போதுதான் கோடு கரையோடு போகும். செருப்பை அடையாளமாக வைத்துவிட்டு ஒரு தடவை போட்டேன். முடித்துக் குனிந்து பார்த்தால் வெட்கமாகப் போய்விட்டது. தடங்கள் ஒன்றுகூட முன்னே பார்க்கவில்லை. குதிகால் உள்ளே, விரல்கள் இரண்டு பக்கமும் விரிந்து, பத்து மணி பத்து நிமிடம் காட்டும் கடிகார முள் மாதிரி. அது அரைமண்டி!

சின்ன வயதில் ஆறு வருடம் பரதநாட்டியம் கற்றிருக்கிறேன். அரைமண்டியிலும் முட்டி வெளியேதான் போகும், ஆனால் பாதமும் கூடவே திரும்பும். முட்டியை வெளியே தள்ளு என்றதும் என் பாதம் பழைய டீச்சர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு போயிருக்கிறது. கிபா தாச்சியில் பாதம் அசையாமல் முட்டி மட்டும் போகணும். இறுக்கம் தொடையின் வெளிப்பக்கத்தில் தெரியும். நாட்டியத்தில் எனக்கு அங்கே வலித்ததே இல்லை. சரி, தேர்வாளர் பார்த்தது இதைத்தான்.

அதற்கு மூன்று மாதம் பிடித்தது. கை இல்லாமல், இடுப்பில் முஷ்டியை வைத்துக்கொண்டு, வெறும் காலை மட்டும் போட்டேன். கிழிந்த வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா, நண்டு மாதிரி அந்தாண்டையும் இந்தாண்டையும் நடக்கிற? ஏதாவது வேண்டுதலா?" என்று கேட்டார். "பரீட்சைங்க ஐயா" என்றேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை.

இன்னொரு தொல்லை நாமி கயேஷி. ஒரு காலில் நின்றபடி மறு பாதத்தை உள்பக்கமாகத் தொடைவரை வீசி, எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். எதிராளி காலை வாரும்போது தப்பிக்க என்பார்கள், அவன் முட்டியில் உதைக்க என்றும் சொல்வார்கள். பெயருக்கு அர்த்தம் திரும்பும் அலை. எனக்கு அலை திரும்பியது, பாதம் திரும்பவில்லை. எடுத்த தடத்துக்கு நான்கு விரல் முன்னால் போய் விழுந்தது. அதையும் அடுத்த அலை வந்து அழிப்பதற்குள் ஓடிப்போய்ப் பார்க்கணும். காலைத் தூக்கும் முன்பே உடம்பு சாய்வதுதான் காரணம் என்று மாஸ்டர் கண்டுபிடித்தார். தலைமேல் மடித்த துண்டு வைத்துப் பழகச் சொன்னார். எத்தனை தடவை அந்தத் துண்டை உப்புத் தண்ணீரில் இருந்து எடுத்தேன் என்று கணக்கில்லை.

மூன்று தெக்கி கட்டாக்களைக் கற்கத் தனக்குப் பத்து வருடம் ஆனதாக ஃபுனாகோஷி எழுதியிருக்கிறார். இதை மாஸ்டர் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இரண்டாவது கிரேடிங்கில் அதே தேர்வாளர். இந்தத் தடவையும் கட்டைவிரலைத்தான் பார்த்தார். ஒன்றும் எழுதாமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பாஸ்.

வகுப்பில் இப்போது பஸ்ஸாய் தாய் என்ற அடுத்த கட்டாவை ஆரம்பித்திருக்கிறோம். ஞாயிறு காலை மட்டும் தெக்கிதான். போன வாரம்கூட இடது பாதம் இரண்டு விரல் தள்ளித்தான் விழுந்தது.