இறங்கும்போது தைவதம்

நேற்று முன்தினம், யார் வீடு என்றே தெரியாத ஒரு வீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்து, பைரவி ராகத்தில் ஒரு பாட்டு பாடி, வெற்றிலை பாக்கு, தேங்காய், பிளவுஸ் பிட், ஒரு டப்பா பட்டாணிச் சுண்டல் எல்லாம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இதற்கு நவராத்திரிதான் காரணம் என்று சொன்னால் தெய்வக் குற்றமாகிவிடும். எனவே நியூஜெர்சிதான் காரணம் என்று வைத்துக்கொள்வோம்.

நான் பாட்டு டீச்சர். நியூஜெர்சியிலிருந்து ஆன்லைனில் என்னிடம் பாட்டு கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு இரவு எட்டு மணி என்றால் நமக்கு நங்கநல்லூரில் விடிகாலை ஐந்தரை. அவன் தூங்கப்போகிற நேரம், நான் எழுந்து அரை மணி நேரம் ஆன நேரம். இரண்டு பேரும் மாறி மாறிக் கொட்டாவி விட்டுக்கொண்டே ஜண்டை வரிசை பாடுகிறோம். கொட்டாவி மட்டும் தாளம் தப்பாமல் வருகிறது. புதன்கிழமை பாதி வகுப்பில் குக்கர் சத்தம் கேட்டது. "மூணு விசில் வந்தாச்சு, அணைச்சிடுங்க!" என்று அடுக்களைப் பக்கம் திரும்பிக் கத்தினேன். நம்மவர் அணைக்கவில்லை, அவருக்குக் காலையில் செய்தித்தாள் இருக்கும்வரை காது கிடையாது. நியூஜெர்சிப் பையன் அணைத்துவிட்டான். மடிக்கணினியை. குருபக்தி என்றால் அதுதான். பருப்பு அடிப்பிடித்தது தனிக் கதை.

ஏழு மணிக்கு இந்தப் பக்கத்துப் பிள்ளைகள், ஒன்பதிலிருந்து ஸ்கூல், சாயங்காலம் மறுபடியும் வீட்டில் வகுப்பு. இது வழக்கமான வாரத்துக் கணக்கு. நவராத்திரி வாரத்தில் இதன் மேல் குடியிருப்புச் சங்கத்துக் கொலு நிகழ்ச்சியும் ஏறி உட்கார்ந்தது. பதினோரு பிள்ளைகள் சேர்ந்து ஒரு பாட்டு. பெண் குழந்தைகள் ஐந்தரைக் கட்டைச் சுருதியில் நிற்கிறார்கள். போன வருஷம்வரை அவர்களோடு பாடிய ஒரு பையனுக்கு இந்த வருஷம் குரல் உடைந்து, அவன் எந்தக் கட்டையில் இருக்கிறான் என்று அவனுக்கே தெரியவில்லை. செயலாளருக்கு அந்தக் கவலை எதுவும் இல்லை. "பாட்டு எதா இருந்தாலும் சரி டீச்சர், போட்டோல எல்லாப் பசங்களும் தெரியணும்" என்றார். விஜயதசமிக்குப் புதிதாக ஆறு பேர் சேருகிறார்கள். அதில் ஒரு அம்மா, ச ரி க ம தொடங்குவதற்கு முன்பே, "எப்போ டீச்சர் கச்சேரி பண்ணலாம்?" என்று கேட்டாகிவிட்டது. இன்னொருவர், "நவராத்திரில ரெண்டு கிளாஸ் போயிடுச்சே, ஃபீஸ்ல கழிச்சுக்கலாமா?" என்றார். கழித்துக்கொள்ளுங்கள் அம்மா, என் ஆயுளிலும் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். வெளியே சிரித்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஐந்தாம் நாள் சாயங்காலம் ஆதம்பாக்கத்தில் ஒரு கொலு. என் மாணவி பாடுகிறாள், நான் கூட இருந்து அடி எடுத்துக் கொடுக்க வேண்டும். ஷேர் ஆட்டோவில் ஏறினேன். கொஞ்ச தூரம் போனதும் டிரைவர், "அக்கா, உங்க பைக்குள்ள ஏதோ வண்டு கத்துது பாருங்க" என்றார். காலையில் போனில் போட்ட தம்பூரா ஆப். நாள் முழுக்கப் பைக்குள் தானே ச-ப-ச என்று மீட்டிக்கொண்டு வந்திருக்கிறது. ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் ஃபேனைச் சந்தேகப்பட்டது இப்போதுதான் புரிந்தது. வெட்கத்தில் தம்பூராவை நிறுத்தியதோடு நில்லாமல் போனையே சைலண்டில் போட்டேன். அங்கேதான் விதி சிரித்தது.

சி பிளாக், இரண்டாவது மாடி. நான் ஏறியது பி பிளாக்காம். இரண்டாவது மாடியில் கோலம், மாவிலைத் தோரணம், வாசலில் நாலு ஜோடிச் செருப்பு, திறந்த கதவு. வேறு என்ன அடையாளம் வேண்டும்? நவராத்திரியில் ஒரு சௌகரியம், யாரும் யாரையும் 'நீ யார்' என்று கேட்பதில்லை. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனால் போதும். "வாங்கோ வாங்கோ" என்று ஒரு பெண் உட்காரவைத்தாள். ஐந்து படி, மரப்பாச்சிக்குப் புதுச் சட்டை, கீழே செட்டியார் கடை. மாணவியைக் காணோம். உடை மாற்றிக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நாற்காலியில் எண்பது வயதுக்குக் குறையாத ஒரு மாமி. "ஒரு பாட்டு பாடேம்மா" என்றார்.

திருவிதாங்கூர் மகாராஜா சுவாதித் திருநாள் நவராத்திரிக்கென்று ஒன்பது கீர்த்தனைகள் செய்திருக்கிறாரே, திருவனந்தபுரத்து நவராத்திரி மண்டபத்தில் நாளுக்கு ஒன்றாகப் பாடுவார்களே, அதில் ஐந்தாம் நாளுக்குப் பைரவி. முதல் நாள் சங்கராபரணம் தொடங்கி ஒன்பதாம் நாள் ஆரபி வரை வரிசையாகப் பாட வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் சபதம் எடுப்பேன். இரண்டாம் நாள் கல்யாணியோடு சபதம் முடிந்துவிடும். இந்த வருஷம் சங்கராபரணத்துக்கே நேரமில்லை. சரி, பைரவியையாவது பாடுவோம் என்று கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். யாருக்கும் சொல்லிக்கொடுக்காமல், யாரையும் நிறுத்தித் திருத்தாமல், ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசி வரை.

முடித்ததும் எல்லோரும் நன்றாக இருந்தது என்றார்கள். மாமி மட்டும் கொஞ்சம் பொறுத்துத்தான் பேசினார்.

"குரல் நன்னாருக்கு. ஆனா சரணத்துல இறங்கறச்சே தைவதம் ஒரு இடத்துல தூக்கலா விழுந்துடுத்து."

எனக்குச் சுருக்கென்றது. தைவதம் என்றால் ச ரி க ம ப த நி-யில் வரும் 'த'. பைரவியில் ஏறும்போது பெரிய தைவதம், இறங்கும்போது சின்னது. இதே ராகத்தில் அட தாளத்து வர்ணம் சொல்லிக்கொடுக்கும்போது பிள்ளைகளை நான் நச்சரிப்பதே இந்த ஒரு இடத்துக்காகத்தான். "ஏறினபடியே இறங்காதே, ஏறினபடியே இறங்காதே" என்று அந்தத் தாளத்தின் பதினான்கு அட்சரத்துக்கும் சேர்த்துத் தொடையில் அடித்துக்கொள்வேன். நானே அப்படி இறங்கியிருக்கிறேன்.

மாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "தூக்கம் இல்லையோ உனக்கு?" என்றார்.

இந்த வாரம் எத்தனை பேரிடம் பேசியிருப்பேன், நூறு பேர் இருக்குமா? அவ்வளவு பேரில் இதைக் கேட்டது, என் பெயரே தெரியாத இந்த மாமி ஒருவர்தான். அதுவும் ஒரு தைவதத்தை வைத்துக்கொண்டு. என்னத்தையோ உளறிச் சிரித்துச் சமாளித்தேன். கண் மட்டும் சமாளிக்கவில்லை, கற்பூரப் புகை என்று சொல்லிவைத்தேன். கற்பூரமே ஏற்றவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

குங்குமம் வாங்கிக்கொண்டு, "குழந்தை எங்கே, இன்னும் ரெடியாகலையா?" என்று கேட்டேன். "எந்தக் குழந்தை?" என்றாள் அந்தப் பெண்.

போனை எடுத்தால் ஏழு மிஸ்டு கால். படியிறங்கி, குறுக்கே ஓடி, சி பிளாக் ஏறி மூச்சிரைக்க நின்றபோது மாணவி பாடி முடித்திருந்தாள். எல்லாம் அவளாகவே பாடிவிட்டாளாம், எங்கேயும் மறக்கவில்லையாம். "நீங்க இல்லாததால பயமே இல்ல மிஸ்" என்றாள். இருபது வருஷமாகப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன்.

இப்போது மாமியின் எவர்சில்வர் டப்பா எங்கள் வீட்டு மேடையில் இருக்கிறது. இன்னொருத்தர் டப்பாவை வெறுமனே திருப்பித் தரக் கூடாது. "கொஞ்சம் சர்க்கரை போட்டுக் கொடுத்துட்டு வந்துடு, அஞ்சு நிமிஷ வேலை" என்கிறார் நம்மவர். அவருக்கென்ன தெரியும்? இரண்டு நாளாக வெங்காயம் நறுக்கும்போதும் அந்தச் சரணத்தைத்தான் பாடிக்கொண்டிருக்கிறேன். இறங்குகிற இடத்தை மட்டும். இன்று காலை ஒரு தடவை சரியாக விழுந்தது. இன்னும் நாலு தடவை விழட்டும், டப்பாவை எடுத்துக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன்.