தடுப்புக்காவல் ஆணை கைக்கு வந்தால் முதலில் தேதியைப் பாருங்கள்

போர் என்றால் அரசு யாரையும் பிடித்து உள்ளே வைக்கலாம், கோர்ட் தலையிடாது என்று பலர் நினைக்கிறார்கள். பாதி உண்மைதான். மீதிப் பாதி தெரிந்திருந்தால், இன்று தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் கலெக்டர் கையெழுத்தோடு வரும் குண்டாஸ் ஆணையை, அதாவது குண்டர் சட்டத்தில் ஆளை விசாரணை இல்லாமலே முன்கூட்டி உள்ளே வைக்கும் தடுப்புக்காவல் ஆணையை, எப்படிப் படிப்பது என்பதும் புரியும்.

1962 சீனப் போரின்போது அவசரநிலை அறிவித்து, அரசியல் சட்டத்தின் 21 (உயிர், சுதந்திரம்), 22 (கைதானவருக்கான பாதுகாப்பு) ஆகிய உறுப்புகளுக்காகக் கோர்ட்டுக்குப் போகும் உரிமையைக் குடியரசுத் தலைவர் நிறுத்தி வைத்தார். ஆனால் அந்த ஆணையில் ஒரு நிபந்தனை இருந்தது: இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழோ அதன் விதிகளின் கீழோ காவலில் வைக்கப்பட்டவருக்குத்தான் இந்தத் தடை. மக்கன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பிடித்துக்கொண்டது. கெட்ட எண்ணத்தில் போட்ட ஆணையும், விதிப்படி போடாத ஆணையும் அந்தச் சட்டத்தின் கீழ் போட்டதே ஆகாது. அதனால் தடை பொருந்தாது.

இந்தக் கதவு வழியாகத்தான் சோஷலிசத் தலைவர் ராம் மனோகர் லோகியா வெளியே வந்தார். விதியில் இருந்த சொல் ‘பொது ஒழுங்கு’. பாட்னா மாவட்ட மாஜிஸ்திரேட் எழுதியதோ ‘சட்டம் ஒழுங்கு’. இரண்டும் ஒன்றல்ல என்று 1965 செப்டம்பரில், பாகிஸ்தானோடு போர் நடந்துகொண்டிருந்தபோதே, உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. நீதிபதி ஹிதாயத்துல்லா மூன்று வட்டம் போட்டுக் காட்டினார்: வெளியே சட்டம் ஒழுங்கு, அதற்குள் பொது ஒழுங்கு, நடுவில் நாட்டின் பாதுகாப்பு. இரண்டு பேர் அடித்துக்கொண்டால் சட்டம் ஒழுங்கு. அதனால் ஊரே கதவைச் சாத்திக்கொண்டால் பொது ஒழுங்கு.

1975 அவசரநிலையின்போது ஜூன் மாதம் குடியரசுத் தலைவர் போட்ட ஆணையில், 1962 ஆணையில் இருந்த அந்த நிபந்தனைச் சொற்கள் இல்லை. அதைக் காட்டித்தான் 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்ற ஐவர் அமர்வில் நால்வர், ஆட்கொணர்வு மனுவே (காவலில் உள்ளவரை விடுவிக்கக் கேட்கும் மனு) போட முடியாது என்றார்கள். ஒன்பது உயர் நீதிமன்றங்கள் அதற்கு முன் வேறு மாதிரி சொல்லியிருந்தன. ஐந்தாமவரான நீதிபதி எச்.ஆர். கன்னா மட்டும் மறுத்தார். மறு வருடம் தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டிப் போனது. பிறகு 44வது திருத்தம் வந்தது. எந்த அவசரநிலையிலும் 20, 21 உறுப்புகளை இனி நிறுத்தி வைக்க முடியாது. 1976 தீர்ப்பையே 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தவறு என்று ரத்து செய்தது. ஆனால் 22வது உறுப்புக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்பது எனக்கு உறுத்துகிறது. தடுப்புக்காவல் கைதிக்குக் காரணம் சொல்ல வேண்டும், முறையிட வாய்ப்புத் தர வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

இனி நம் ஊர். தேசியப் பாதுகாப்புச் சட்டமானாலும் 1982ஆம் ஆண்டு குண்டர் சட்டமானாலும் முக்கியக் கெடுக்கள் ஒன்றுதான். காரணங்களைக் காவல் தொடங்கி 5 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும் (தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் அசாதாரணச் சூழலில் 10 நாள்). ஆணை போட்ட தேதியிலிருந்து 12 நாளுக்குள் மாநில அரசு ஒப்புதல் தர வேண்டும். காவல் தொடங்கி 3 வாரத்துக்குள் அறிவுரைக் கழகத்தின் (காவலுக்குப் போதிய காரணம் உண்டா என்று பார்க்கும் குழு) முன் வைக்க வேண்டும். கழகம் காவல் தொடங்கி 7 வாரத்துக்குள் அறிக்கை தர வேண்டும். அதிகபட்சக் காவல் 12 மாதம். ஆணை எந்தத் தேதியில் போட்டார்கள், ஆளை எந்தத் தேதியில் காவலில் வைத்தார்கள், புக்லெட் (காரணங்களும் ஆவண நகல்களும் சேர்ந்த தொகுப்பு) எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்று அன்றே குறித்துவையுங்கள். சேலம் மத்திய சிறையில் ஏற்கெனவே ரிமாண்டில் இருப்பவருக்கு ஆணை அங்கேயே கொடுக்கப்படும்.

புக்லெட்டில் ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டுங்கள். படிக்க முடியாத ஜெராக்ஸ், விட்டுப்போன பக்கம், எல்லாம் வாதம்தான். தளி, தேன்கனிக்கோட்டை, சூளகிரி பக்கம் கன்னடமோ தெலுங்கோ மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள் உண்டு. அப்படிப்பட்டவருக்கு ஆங்கிலத்திலும் தமிழிலும் மட்டும் தாள் கொடுத்துவிட்டு, வாயால் விளக்கினோம் என்றால் போதாது. 1962லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. பெற்றுக்கொண்ட ரசீதில் அவர் கன்னடத்தில் போட்ட கையெழுத்தே நல்ல சான்று.

இன்னொன்று, ஜாமீன். ஏற்கெனவே சிறையில் இருப்பவர் ஜாமீனில் வெளியே வந்துவிடுவார் என்று ஆணையில் எழுதினால் மட்டும் போதாது. ஜாமீன் மனு நிலுவையில் இல்லாதபோது, இதுபோன்ற வழக்கில் ஜாமீன் கிடைத்தது என்று எழுதினால் அந்த வழக்கின் விவரம் வேண்டும். 2011ல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே இது முடிவானது. காட்டிய வழக்கு உண்மையில் ஒத்த வழக்குதானா என்று சரிபாருங்கள். வேறு பிரிவு, வேறு வகைக் குற்றம் என்று நிறைய மாட்டும்.

முறையீட்டை உடனே எழுதுங்கள்: கலெக்டருக்கு ஒன்று, உள்துறை, மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறைச் செயலாளருக்கு ஒன்று. தேசியப் பாதுகாப்புச் சட்டமென்றால் மத்திய அரசுக்கும் ஒன்று. குண்டர் சட்டத்தில் கலெக்டர் தானே பரிசீலிப்பது அரசு ஒப்புதல் வரும்வரைதான். ஆகவே முதல் வாரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். அனுப்பிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்று அரசு பின்னால் கணக்குச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் அமைச்சர் சுற்றுப்பயணத்தில் இருந்ததால் ஐந்து நாள் ஆனது என்ற காரணத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. காவலையே ரத்து செய்தது.

அறிவுரைக் கழகத்தில் வக்கீல் வைக்க உரிமை இல்லை. விவரம் தெரிந்த உறவினரோ நண்பரோ உடன் இருக்க அனுமதி கேட்கலாம். ஆட்கொணர்வு மனுவுக்கு நம் இரண்டு மாவட்டத்துக்கும் சென்னை உயர் நீதிமன்றம்தான், மதுரைக் கிளை அல்ல. மனைவியோ அம்மாவோ போடலாம். இருவர் அமர்வு விசாரிக்கும்.

ஆணை ரத்தானால் உடனே ஆள் வெளியே வந்துவிடுவார் என்று சேலத்துக்குப் பஸ் ஏறாதீர்கள். அடிப்படை வழக்கில் ஜாமீன் இல்லாவிட்டால் சிறைக் கதவு திறக்காது. அந்த ஜாமீன் மனுவை எப்போது போடுவது என்று வக்கீலிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.