பகாத்தெல் திடலில் 220 மீட்டர்

பாரிஸ் மெட்ரோவின் 11-ஆம் தடத்தில் ஆர்ஸ் ஏ மெத்தியே நிலையத்தில் இறங்கினால், சுவரும் கூரையும் செம்புத் தகடு வேயப்பட்டு, பக்கவாட்டில் வட்டச் சன்னல்களுடன், நீர்மூழ்கிக் கப்பலின் வயிற்றுக்குள் வந்து நிற்பது போல இருக்கும். மேலே ஏறி வந்தால் சில நிமிட நடையில் அதே பெயர் கொண்ட தொழில்நுட்ப அருங்காட்சியகம். அதன் பெரிய கல் படிக்கட்டின் உச்சியில் தொங்குகிற ஒரு பொருளைப் பார்ப்பதற்காகவே அங்கு சென்றேன்.

அது பிரெஞ்சுப் பொறியாளர் கிளெமான் அதேர் கட்டிய மூன்றாவது 'ஆவியோன்' விமானம். படிக்கட்டின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தபோது முதலில் வௌவால்தான் நினைவுக்கு வந்தது. மெலிந்த விரல்களைப் போல விரிந்த விலா எலும்புகளின் மேல் துணி இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. முன்பக்கத்தில் இரண்டு உந்துவிசிறிகள் இருக்கின்றன. அவற்றின் ஒவ்வொரு அலகும் பறவையின் இறகைப் பார்த்துச் செய்ததைப் போல, நடுத்தண்டும் இழைகளுமாக இருக்கிறது. பக்கத்தில் நின்ற பிரெஞ்சுக்காரர் ஒருவர் தம் மகனிடம், உலகத்தின் முதல் விமானம் இதுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் குரலில் இருந்த பெருமிதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் சொன்ன செய்தியை ஏற்க முடியவில்லை.

அதேரின் முதல் விமானமான 'ஏயோல்', 1890 அக்டோபர் 9 அன்று நீராவி எந்திரத்தின் வலுவில் தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு சாண் உயரம் எழும்பி, சுமார் 50 மீட்டர் சென்றது. தன் சொந்த விசையால் தரையை விட்டு எழுந்த முதல் எந்திரம் என்று அதைச் சொல்லலாம். ஆனால் அதைத் திருப்பவோ நிலைநிறுத்தவோ அவரிடம் வழி இருக்கவில்லை. படிக்கட்டில் தொங்குவது, போர் அமைச்சகத்தின் பணத்தில் கட்டப்பட்டு, 1897 அக்டோபரில் வெர்சாய் அருகே சத்தோரியில் சோதிக்கப்பட்டது. காற்று அதை ஓடுபாதையை விட்டுத் தள்ளிச் சேதப்படுத்தியது. அதன்பின் ஒன்பது ஆண்டுகள் கழித்து, பாரிஸில் இன்னொருவர் பறந்து புகழ் பெற்ற வேளையில்தான், சத்தோரியில் தாம் 300 மீட்டர் பறந்ததாக அதேர் அறிவித்தார். ஆனால் 1910-இல் இராணுவம் வெளியிட்ட பழைய அறிக்கையில் அப்படிப் பறந்ததற்கான சான்று இல்லை.

அந்த இன்னொருவர் பிரேசில் நாட்டின் ஆல்பெர்த்தோ சாந்தோஸ் துமோன். நான் தங்கியிருந்த விடுதியில் பழக்கமான பிரேசில் மாணவர், அவர் பறந்த இடத்தைக் காட்டுவதாகச் சொல்லி மறுநாள் என்னை அழைத்துச் சென்றார். புலோஞ் காட்டின் விளிம்பில், பகாத்தெல் பகுதியின் விளையாட்டுத் திடல்களை ஒட்டி ஒரு கல் நிற்கிறது. 1906 நவம்பர் 12 அன்று, பிரான்சின் ஏரோ கிளப் மேற்பார்வையில், சாந்தோஸ் துமோன் உலகின் முதல் விமானச் சாதனைகளை நிறுவினார் என்றும், காலம் 21 1/5 விநாடி, தொலைவு 220 மீட்டர் என்றும் அதில் பொறித்திருக்கிறார்கள்.

அந்த வாசகத்தை நான் இரண்டு முறை படித்தேன். 'சாதனை' என்று இருக்கிறதே தவிர, 'கண்டுபிடித்தார்' என்ற சொல் அதில் இல்லை. செதுக்கியவர்கள் சொல்லை அளந்துதான் இட்டிருக்கிறார்கள். மாணவருக்கு அது போதவில்லை. ரைட் சகோதரர்கள் தண்டவாளத்தின் மேல் ஓடி, பின்னாளில் எடைக்கல்லை விழவிட்டு இழுக்கும் கோபுரத்தின் உதவியோடு கிளம்பினார்கள், தம் நாட்டவரோ சக்கரங்களின் மேல் தானாகவே ஓடி, திரண்டிருந்த மக்கள் கண்முன் எழுந்தார் என்று அவர் வாதிட்டார். அக்டோபர் 23-ஐ, அதாவது அதே திடலில் சாந்தோஸ் துமோன் சுமார் 60 மீட்டர் பறந்த நாளை, பிரேசில் விமானிகள் நாளாகக் கொண்டாடுகிறது. பிரம்புக் கூடைக்குள் நின்றபடி, வால் முன்னாலும் எந்திரம் பின்னாலும் அமைந்த '14-பிஸ்' விமானத்தை அவர் ஓட்டிய காட்சியை மாணவர் கைகளை விரித்து நடித்தே காட்டினார்.

வாதத்தின் ஒரு பாதி சரி. ஆனால் எடைக்கோபுரம் 1904 செப்டம்பரில்தான் வந்தது. 1903 டிசம்பர் 17 அன்று அமெரிக்காவின் கிட்டி ஹாக் அருகே ரைட் சகோதரர்கள் நடத்திய நான்கு பறப்புகளிலும் சமதளத் தண்டவாளமும் எதிர்க்காற்றும் மட்டுமே இருந்தன. முதலாவது 12 விநாடி, 36 மீட்டர். கடைசியானது 59 விநாடி, 260 மீட்டர். பார்த்தவர்கள் ஐந்தே பேர். அதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது 1905 அக்டோபர் 5: அன்று வில்பர் ரைட் டேட்டன் அருகே ஒரு மேய்ச்சல் நிலத்தின் மேல் வட்டமடித்துக்கொண்டே 39 கிலோமீட்டர் பறந்தார். விசிறியால் காற்றைச் செலுத்தும் கூண்டான காற்றுக் குகையில் இறக்கை வடிவங்களைச் சோதித்து, இறக்கையை முறுக்கிச் சாய்வைக் கட்டுப்படுத்தும் வழியைக் கண்டதால் கைகூடிய பறப்பு அது. எழும்புவது வேறு, பறப்பது வேறு, நினைத்த பக்கம் திரும்புவது வேறு. மூன்றாவதை முதலில் செய்து காட்டியவர்கள் ரைட் சகோதரர்கள்தான் என்பது என் முடிவு. அவர்களைப் பல ஆண்டுகள் நம்பாதிருந்த பிரெஞ்சு விமானிகளே, 1908 ஆகஸ்டில் லெ மான் நகருக்கு அருகே வில்பர் வளைந்து திரும்பியதைப் பார்த்துத் தாங்கள் பின்தங்கிவிட்டதை ஒப்புக்கொண்டார்கள்.

நம் நாட்டிலும் 1895-இல் பம்பாய்க் கடற்கரையில் தல்படே என்பவர் விமானத்தைப் பறக்கவிட்டார் என்று உரக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதேருக்கு எந்திரமாவது மிஞ்சியிருக்கிறது. இதற்கு அப்படி எதுவும் இல்லை. சான்றைக் கேட்பது நாட்டுப்பற்றுக்கு எதிரானது என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை.

திரும்பும் வழியில் மாணவரிடம், போர்த்துகீசிய மொழியில் விமானத்துக்கு என்ன சொல் என்று கேட்டேன். 'அவியாவ்' என்றார். அது அதேர் உருவாக்கிய 'ஆவியோன்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்று நான் சொன்னதும் சற்று நேரம் பேசாமல் நடந்தார். பிறகு, 220 மீட்டர் என்பது எவ்வளவு தூரம் என்று நடந்தே பார்க்கலாமா என்று கேட்டார். கல்லுக்கே திரும்பி, அங்கிருந்து சாலையோரமாக எண்ணிக்கொண்டே நடந்தோம். என் கணக்கில் 300 காலடிகளுக்குச் சற்றுக் கூட வந்தது. நின்று திரும்பிப் பார்த்தபோது, மரங்களுக்கு இடையே கல் சிறியதாக, ஆனால் தெளிவாகத் தெரிந்தது.