வாசலில் இருந்தவரின் மூக்கு

உடல் இழையத்தை அழுகாமல் ஊறவைக்கும் எங்கள் ஆய்வுகூடத்துத் திரவமான போமலின் யாரையாவது வருத்துகிறது என்று முதலில் சொன்னவர் வாசலில் இருந்து பெயர் பதியும் எழுதுவினைஞர். உள்ளே நாள் முழுவதும் அதைக் கையாண்ட எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

மட்டக்களப்பு மாவட்டத்து வைத்தியசாலையொன்றின் நோயியல் பிரிவு அது. சத்திரசிகிச்சைக் கூடத்திலிருந்து குடல்வால், பித்தப்பை, தைரொயிட் கட்டி என்று போத்தல் போத்தலாக வரும். செறிந்த போமலினில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்தால் நாங்கள் சொல்லும் ‘10 வீதப் போமலின்’. உண்மையில் அதில் கரைந்திருக்கும் போமல்டிகைட்டு என்ற வாயு 4 வீதமளவுதான். இழையம் அதில் ஊறினால் அழுகாது. 1893இல் ஜெர்மானிய மருத்துவர் ஃபேர்டினண்ட் புளூம் இந்தக் குணத்தைக் கண்டதே, கிருமிகொல்லியாக அதை ஆராயும்போது தன் விரல்தோல் விறைத்துப்போனதைப் பார்த்துத்தான். என் வலக்கைப் பெருவிரலும் நகத்தோரம் அப்படித்தான் வெடித்துக் கிடந்தது. மெல்லிய லேடெக்ஸ் கையுறை போமலினை நெடுநேரம் தாங்காது, நைத்திரைல் என்ற செயற்கை இறப்பர்க் கையுறை வேண்டும் என்பது பிறகு தெரிந்தது.

நான் சேர்ந்த புதிதில் மூத்த அண்ணன் ஒருவர், “ஒரு மாதம் போகட்டும் தம்பி, பழகிவிடும்” என்றார். பழகிவிட்டது. அதை ஒரு தேர்ச்சியாகவே எண்ணிக்கொண்டேன். பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் கண்ணைத் துடைத்தபோது நானும் அதையே சிரித்துக்கொண்டு சொன்னேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கச்சான் காற்று வீசும் ஆடி மாதம். மேற்கு யன்னல்களை அகலத் திறந்துவிட்டு, நல்ல காற்றோட்டம் என்று நிம்மதியாக வேலை செய்தோம். அந்தக் காற்று மூடி திறந்த போத்தல்களின் மேலாக வந்து கதவால் வெளியேறியது. கதவுக்கு நேரே எழுதுவினைஞரின் நாற்காலி. பத்து மணியானால் கொச்சிக்காய் இடித்தவர்போல அவருக்குக் கண்ணில் நீர் ஓடும்; பின்னேரம் தலையிடி. “மிஸ்ஸுக்கு வேலைக்கள்ளம்” என்று கேலி வேறு.

மகனுக்கு டெங்கு வந்து நான் பத்து நாள் விடுமுறையில் நின்றேன். திரும்பி வந்த காலை, வாசலைத் தாண்டியதும் கண் எரிந்தது, தொண்டை கரித்தது. மத்தியானத்துக்குள் மணம் இல்லை. ஆனால் மேசையில் ஒரு போத்தலும் குறைந்திருக்கவில்லை.

அதன்பிறகுதான் வாசிக்கத் தொடங்கினேன். போமல்டிகைட்டுக்கு அமெரிக்கச் சட்டம் எட்டு மணி நேர வேலைக்கு விதித்த எல்லை, காற்றின் பத்து இலட்சம் பங்கில் 0.75 பங்கு. பலருக்கு மணம் தட்டுவதே ஏறத்தாழ அந்த அளவில்தான். மூக்கு மரத்துப்போனால் அந்த எச்சரிக்கையும் இல்லை. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது. மூக்குத்தொண்டைப் புற்றுநோய்க்கு அப்போதே சான்று இருந்தது, 2009இல் வெண்குருதிப் புற்றுநோயும் சேர்ந்தது. நாங்கள் நம்பி அணிந்திருந்த சத்திரசிகிச்சை முகக்கவசமோ வாயுவைத் தடுக்காது. துணியைக் கட்டிக்கொண்டு புகையைத் தடுக்கப் பார்த்த கதை.

ஆவியை இழுத்து வெளியேற்றும் உறிஞ்சும் கூடு கேட்டு எழுதிய கடிதம் கோப்பில் கிடந்த காலத்தில் கையில் இருந்ததைச் செய்தோம். வெட்டும் மேசையைச் சுவரோரம் நகர்த்தி, ஆவியை முகத்துக்கு எதிர்ப்புறமாக இழுக்கும்படி மேசை மட்டத்தில் ஒரு வெளியேற்று விசிறியைப் பொருத்தினோம். வெட்டுமுன் இழையத்தைத் தண்ணீரில் அலசினோம். கழிவைத் தொட்டியில் கொட்டாமல் மூடியுள்ள கலனில் சேர்த்தோம். கண்ணில் தெறித்தால் பதினைந்து நிமிடம் கழுவ ஓடும் குழாய்க்கருகே எதையும் வைக்க விடவில்லை. செறிந்த போமலினைக் கலக்கும் வேலைதான் கடைசிவரை இழுபட்டது. ஆயத்தக் கரைசல் வாங்கக் காசு அதிகம் என்றார்கள்.

எழுதுவினைஞர் இன்னும் அதே வாசலில்தான் இருக்கிறார். அவர் தும்மினால் நாங்கள் எழுந்து போய் மூடிகளைப் பார்க்கிறோம். சில நாட்களில் அது வெறும் தடிமனாக இருக்கும், அப்போதும் பார்க்கிறோம்.