ப்ரொபோசலை ரேங்க் பண்ற பக்கம் என்ன நடக்குதுன்னா

ஜிசாக்குக்கு (கூகிள் சம்மர் ஆஃப் கோட், ஓப்பன் சோர்ஸ்க்கு புதுசா வர்றவங்க ஒரு ப்ராஜெக்ட்ல கோட் எழுத கூகிள் உதவித்தொகை குடுக்கற புரோகிராம்) ப்ரொபோசல் எழுதுறது எப்படின்னு சொல்ல நிறைய பேர் இருக்காங்க, ஆனா அதை வாங்கிப் படிச்சு வரிசைப்படுத்துறவங்க என்ன பாடு படுறாங்கன்னு யாரும் அவ்வளவா எழுதறதில்ல. நான் ஒரு சின்ன ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்ல மென்டாரா, அதாவது வழிகாட்டியா இருந்து இந்த வேலைய பண்ணிருக்கேன், அதான் இந்த பதிவு.

முதல்ல ஒண்ணு தெளிவா சொல்லிடறேன், உங்க ப்ரொபோசலை கூகிள் மதிப்பெண் போட்டு தேர்ந்தெடுக்கறது இல்ல. அந்தந்த ப்ராஜெக்ட்டோட மென்டார்கள் படிச்சு, வரிசை போட்டு, எங்களுக்கு குறைஞ்சது இத்தனை ஸ்லாட் (ஒரு ஸ்லாட்னா ஒரு ஆளை எடுக்கற இடம்) வேணும், அதிகபட்சம் இத்தனை பேரை பார்த்துக்க முடியும்னு கூகிள் கிட்ட கேப்பாங்க. எத்தனை குடுக்கறதுன்னு மட்டும் கூகிள் முடிவு பண்ணும். 2005ல ஆரம்பிச்ச புரோகிராம் இது, எவ்வளவோ மாறிடுச்சு, 2022ல இருந்து காலேஜ் ஸ்டூடண்டா இருக்கணும்கற கட்டாயமும் போயிடுச்சு (பழக்க தோஷத்துல நாங்க இன்னும் ஸ்டூடண்ட்னுதான் சொல்றோம்), ஆனா இந்த ரேங்க் போடற தலைவலி மட்டும் மென்டார் தலையிலதான்.

கடைசி தேதி முடிஞ்சதும் பிடிஎஃப் எல்லாம் வந்து குவிஞ்சிருக்கும். முதல் ரவுண்டுல பாதி சுலபமா போயிடும், அதுல பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. எங்க ஐடியா பக்கத்துல (என்னென்ன வேலைக்கு ஆள் வேணும்னு நாங்க போடற லிஸ்ட்) நாங்க எழுதினதையே வார்த்தை மாத்தி எங்களுக்கே திருப்பி அனுப்பிருப்பாங்க. வேற ப்ராஜெக்ட்டுக்கு எழுதினதுல பேரை மாத்த மறந்துருப்பாங்க. இப்போ புதுசா ஏஐ எழுதிக் குடுத்தது ஏகப்பட்டது வருது, பார்க்க பளபளன்னு இருக்கும், உள்ள போனா எங்க கோட்லயே இல்லாத ஒரு மாட்யூலை எப்படி மேம்படுத்தறதுன்னு ரெண்டு பக்கம் இருக்கும். ஏஐ கிட்ட உதவி கேட்டதுல எனக்கு பிரச்சனை இல்லங்க, அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை எங்க கோட் இருக்கற ரெப்போவை திறந்து பார்த்துருக்கலாம்ல. இங்கிலீஷ் சரியில்லன்னு நாங்க யாரையும் தள்ளினது கிடையாது, அந்த பயம் வேண்டாம்.

கஷ்டம் ஆரம்பிக்கறது மிச்சம் இருக்கறதுலதான். நாங்க ஒரு ஷீட் போட்டு, டெக்னிக்கல் புரிதல், டைம்லைன், கம்யூனிகேஷன், முன்னாடி பண்ண பங்களிப்பு இப்படி கட்டம் பிரிச்சு அஞ்சுக்கு மார்க் போட்டோம். எல்லாரும் எல்லாருக்கும் நாலு போட்டு வெச்சிருந்தோம்! அதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியல. கடைசில ஒரு கால் போட்டு பேசினோம், அப்போ ஒரு மென்டார் கேட்ட கேள்விதான் எல்லாத்தையும் நகர்த்துச்சு. இவர் மூணாவது வாரத்துல எங்கயாவது மாட்டிக்கிட்டா நம்ம கிட்ட வந்து கேப்பாரா, இல்ல ரெண்டு வாரம் காணாம போவாரா? அவ்ளோதான். இதுக்கு பதில் ப்ரொபோசல்ல இருக்காது, பழைய பிஆர்ல (புல் ரெக்வஸ்ட், கோட்ல பண்ண மாற்றத்தை சேர்த்துக்கச் சொல்லி அனுப்பறது) இருக்கும். அதனால நாங்க பிஆரை திறந்து கோடை விட கமென்ட்டைத்தான் அதிகம் படிச்சோம். சின்ன பக் ஃபிக்ஸ்தான், ரிவ்யூல இது சரி வராதுன்னு சொன்னதுக்கு ஏன் சரி வராதுன்னு திருப்பி கேட்டு, புரிஞ்சுக்கிட்டு, டெஸ்டும் சேர்த்து அனுப்பின ஒருத்தர் இருந்தார், அவர் ப்ரொபோசல் ரொம்ப சாதாரணமா இருந்துச்சு, ஆனா மேல போயிட்டார். அழகா டயகிராம் எல்லாம் போட்டு எழுதின இன்னொருத்தர் பிஆரே போடல, கேள்வியும் கேக்கல, கீழ இறங்கிட்டார். டைம்லைன்லயும் இதே கதைதான். பரீட்சை வாரத்துல வேலை பண்ண மாட்டேன்னு நேர்மையா எழுதினவங்க மேல எங்களுக்கு நம்பிக்கை கூடுச்சு, வாரத்துக்கு ஒரு பெரிய ஃபீச்சர் முடிப்பேன்னு எழுதினவங்க மேல குறைஞ்சுது.

இதுக்கு அப்புறம் வர்றதுதான் வெளிய இருக்கறவங்களுக்கு தெரியாத விஷயம். ரேங்க்னா நல்லா எழுதினவங்க மேலே, சுமாரா எழுதினவங்க கீழேன்னு நினைப்பீங்க. அப்படி இல்ல. எங்களுக்கு வந்த ரொம்ப நல்ல ரெண்டு ப்ரொபோசலும் ஒரே ஐடியாவுக்கு வந்துச்சு, ஒரு வேலைய ரெண்டு பேருக்கு குடுக்க முடியாது, அதனால ஒருத்தரை எடுத்துட்டு இன்னொருத்தரை விட்டுட்டு, அவரை விட சுமாரா எழுதினவரை வேற ஐடியாவுக்கு எடுத்தோம். இன்னொரு ஐடியாவுக்கு நல்ல ப்ரொபோசல் இருந்தும் அந்த மென்டாருக்கு ஆபீஸ்ல வேலை மாறிடுச்சு, வழக்கமான ஓட்டமே 12 வாரம், தேவைப்பட்டா நீட்டிக்கவும் செய்யலாம், அத்தனை நாள் உக்கார முடியாதுன்னு சொல்லிட்டார், அந்த பகுதி கோட் வேற யாருக்கும் தெரியாது, அதனால அந்த ஐடியாவே போச்சு, அதுக்கு எழுதினவங்களும் போயிட்டாங்க. இதெல்லாம் அவங்க தப்பா? இல்லவே இல்ல. ஆனா மென்டார் இல்லாம ஆளை எடுத்துட்டு மிட்டேர்ம் மதிப்பீட்டுல மாட்டிவிடறது அதை விட பெரிய பாவம், அங்க பாஸானாதான் அவங்களுக்கு உதவித்தொகைல முதல் பங்கு வரும்.

ஸ்லாட் கேக்கறதுலயும் ஒரு விவாதம். அதிகமா கேப்போம், கிடைச்சா பார்த்துக்கலாம்னு ஒருத்தர், இருக்கற மென்டார் எண்ணிக்கைக்கு மேல ஒண்ணு கூட வேண்டாம்னு நான். நான் சொன்னபடி கேட்டோம். அதுவும் முழுசா கிடைக்கும்னு நிச்சயம் இல்ல, ஒருத்தர் மூணு ப்ரொபோசல் வரைக்கும் போடலாம்ங்கறதால நீங்க மேல வெச்ச ஆள் வேற ப்ராஜெக்ட்டுக்கு போகவும் வாய்ப்பு இருக்கு, அதனால கீழ இருக்கற வரிசையையும் அக்கறையா போடணும்.

அறிவிப்பு வர்ற வரைக்கும் யார்கிட்டயும் எதுவும் சொல்லக் கூடாது. தினமும் சாட்ல வந்து அண்ணா எதாவது தெரியுமான்னு கேப்பாங்க, தெரிஞ்சும் தெரியாத மாதிரி பிஆர் ரிவ்யூ மட்டும் பண்ணிட்டு இருக்கணும், எனக்கு இந்த பகுதிதான் சுத்தமா பிடிக்காது. ரிசல்ட் வந்ததும் கிடைக்காதவங்கள்ல சிலர் குறை எங்க இருக்குன்னு கேட்டு எழுதுவாங்க. ப்ரொபோசல்ல குறை இருந்தா அதை சொன்னோம், எங்க பக்கம் ஆள் இல்லாததாலன்னா அதையும் மறைக்காம சொன்னோம். சிலர் கோவப்பட்டாங்க, அதுவும் நியாயம்தான்.

அடுத்த தடவை ஐடியா லிஸ்ட் போடறப்போ ரெண்டு மென்டார் பேர் இல்லாத ஐடியாவை சேர்க்க மாட்டோம்னு முடிவு பண்ணிட்டோம். லிஸ்ட் பாதியா குறைஞ்சிடுச்சு, இவ்ளோ கம்மியா இருந்தா புரோகிராம்லயே சேர்த்துக்க மாட்டாங்கன்னு எங்க அட்மின் இன்னும் புலம்பிட்டுதான் இருக்கார்.