ஜென்சியில் ஆரம்பித்த பாட்டுப் பட்டியல்

எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் ஆரம்பத்திலும் கேட்டு வளர்ந்த பாட்டுகளைச் செயலியில் தேடிப் பிடித்து, பாடகர் வாரியாகப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறேன். செயலியிடம் விட்டால் 'இளையராஜா ஹிட்ஸ்' என்று ஒன்றைக் கொடுத்துவிடுகிறது. அதில் எஸ்.பி.பி., ஜானகி, யேசுதாஸ் நிறைய இருப்பார்கள். அவர்கள் பாட்டை நான் கேட்காமல் இருந்த நாளே கிடையாது, தேடவும் வேண்டியதில்லை. எனக்கு வேண்டியவர்கள் வேறு: ஜென்சி, உமா ரமணன், தீபன் சக்கரவர்த்தி, பி.எஸ்.சசிரேகா. கொஞ்ச காலம் பாடினாலும், கொஞ்சம் பாட்டே பாடினாலும், மனசில் அப்படியே தங்கிவிட்ட குரல்கள்.

எங்கள் பட்டுக்கோட்டைப் பக்கம் இலங்கை வானொலி உள்ளூர் நிலையம் மாதிரித் தெளிவாகக் கேட்கும். காலையில் 'பொங்கும் பூம்புனல்' ஓடாத டீக்கடை இருக்காது. கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது போன்ற அறிவிப்பாளர்கள் படத்தின் பெயர், பாடியவர் பெயர் எல்லாம் சொல்லிப் பாட்டைப் போடுவார்கள். கேட்டுக் கேட்டே யார் பாட்டு எது என்று எங்களுக்கு அத்துப்படி. செயலியிலோ பாதிப் பாட்டுகளுக்குக் கீழே இசையமைப்பாளர் பெயர் மட்டும்தான் நிற்கிறது. பாடியவர் யார் என்று தெரியாமலே ஒரு தலைமுறை இந்தப் பாட்டுகளைக் கேட்கப்போகிறதே என்ற ஆதங்கத்தில்தான் இந்த வேலையைத் தொடங்கினேன்.

முதலில் ஜென்சி. பெயரை ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடினால் எழுத்துக்கு எழுத்து மாறுகிறது. ஒரு இடத்தில் கடைசி இரண்டு எழுத்து சி-ஒய், இன்னொரு இடத்தில் எஸ்-ஒய். ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு பாட்டுகள் வருகின்றன. அதனால் பாடகர் பெயரில் தேடுவதை விட்டுவிட்டு, படத்தின் பெயரையும் ஆண்டையும் சேர்த்து அடித்து, முழு ஆல்பத்தையும் திறந்து ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தேன். நேரம் பிடிக்கிற வழிதான். ஆனால் இதில்தான் பாட்டு கிடைக்கிறது. 'முள்ளும் மலரும்' (1978) படத்தின் 'அடி பெண்ணே', 'நிறம் மாறாத பூக்கள்' (1979) படத்தின் 'இரு பறவைகள்', 'உல்லாசப் பறவைகள்' (1980) படத்தின் 'தெய்வீக ராகம்', 'ஜானி' (1980) படத்தின் 'என் வானிலே' எல்லாம் இப்படித்தான் கைக்கு வந்தன. ஜெயச்சந்திரனோடு பாடிய 'கீதா சங்கீதா'வும், இளையராஜாவோடு பாடிய 'காதல் ஓவிய'மும் ஜோடிப் பாட்டு என்பதால் தனிப் பட்டியலாக வைத்திருக்கிறேன்.

அதிகம் அலையவிட்டது 'மீன்கொடி தேரில்'. 'கரும்பு வில்' படத்தில் அதை யேசுதாஸும் பாடியிருக்கிறார், ஜென்சியும் பாடியிருக்கிறார். எப்படி அடித்தாலும் யேசுதாஸ் குரலே முன்னால் வந்து நின்றது. கடைசியில் ஒரு தொகுப்பு ஆல்பத்துக்குள், பாடியவர் பெயரே இல்லாமல் ஜென்சி பாடியது கிடந்தது. ஆரம்ப வரியிலேயே தெரிந்துவிட்டது. அந்தக் குரலில் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று பிசகாமல் ஒப்புவிக்கிற மாதிரி ஒரு கவனம் இருக்கும். அதுதான் எனக்குப் பிடித்ததே. கேரளத்தில் இசை ஆசிரியர் வேலை கிடைத்ததும் அவர் சினிமாவை விட்டுப் போய்விட்டார். பாடியது சில வருஷங்கள்தான். நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் அந்தக் குரலுக்கு மாற்று வரவில்லை என்பது என் தீர்மானமான எண்ணம்.

அடுத்தது ஒலித்தரம். ஒரே பாட்டு மூன்று நான்கு ஆல்பங்களில் இருக்கிறது, எல்லாம் ஒரே மாதிரி இல்லை. ஒன்றில் முகப்பு இசை வெட்டுப்பட்டிருக்கிறது. இன்னொன்றில் எதிரொலியைச் சேர்த்துப் பாழாக்கியிருக்கிறார்கள். 1978-ல் வந்த 'ப்ரியா' ஸ்டீரியோவில், அதாவது இடது வலது இரண்டு பக்கமும் வெவ்வேறு ஒலி வருகிற மாதிரி, பதிவானது. அதற்கு முந்தைய பாட்டுகள் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே ஒலி வருகிற மோனோதான். மோனோவில் பதிவானதை மோனோவிலேயே கேட்பது நல்லது. செயற்கையாக இரண்டு பக்கமும் பிரித்துவிட்ட பதிப்புகளில் குரல் மெலிந்துபோகிறது. அதனால் பட்டியலில் சேர்ப்பதற்கு முன் எல்லாப் பதிப்பையும் ஒரு தடவை ஹெட்போனில் ஓடவிட்டுப் பார்க்கிறேன்.

ஹெட்போன் என்றதும் 'பூங்கதவே தாழ் திறவாய்' பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். 'நிழல்கள்' (1980) படத்தில் தீபன் சக்கரவர்த்தியும் உமா ரமணனும் பாடியது. தீபன், திருச்சி லோகநாதனின் மகன். இந்தப் பாட்டை ரேடியோவில் கேட்டபோதும், ரெக்கார்டிங் சென்டரில் சீட்டு எழுதிக்கொடுத்துப் பதிந்து வாங்கிய கேசட்டில் கேட்டபோதும் குரல்களும் வயலின்களும்தான் காதில் விழுந்தன. இப்போது கேட்டால் அடியில், தாழ்ந்த சுருதியில் ஒலிக்கிற பேஸ் கிட்டார் தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு போகிறது! பாடகர் நிறுத்துகிற இடத்தில் அது நகர்கிறது, அவர் இழுக்கிற இடத்தில் நின்று கொடுக்கிறது. எங்கள் டேப்ரெக்கார்டரின் சின்ன ஸ்பீக்கரால் அதைக் கொண்டுவர முடியவில்லை. எத்தனையோ முறை கேட்ட பாட்டில் கேட்காத பாட்டு ஒன்று இருந்திருக்கிறது. அன்று ராத்திரி அதையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு தொல்லை மட்டும் நீடித்தது. பட்டியல் முடிந்ததும் செயலி தானாக ஏதோ புதுப் பாட்டைப் போட்டுவிடும். அண்ணன் மகன் ஊருக்கு வந்திருந்தபோது பார்த்துவிட்டு, "சித்தப்பா, செட்டிங்ஸ்ல ஆட்டோபிளேயை அணைச்சிடுங்க, அப்புறம் அது பாட்டுக்கு நின்னுடும்" என்று அவனே அணைத்துக் கொடுத்தான். போகும்போது ஜென்சி பட்டியலையும் தன் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டு போனான்.

உமா ரமணன் பட்டியல் இந்த வாரம் ஓரளவு நிறைந்திருக்கிறது. 'பன்னீர் புஷ்பங்கள்' (1981) படத்தின் 'ஆனந்த ராகம்' தான் அதன் தலைப்பாட்டு. சிம்மேந்திரமத்யம ராகத்தில் வயலின்கள் விரட்டிக்கொண்டு வர, பதற்றமே இல்லாமல் பாடியிருப்பார். 'தூறல் நின்னு போச்சு' படத்தின் 'பூபாளம் இசைக்கும்', 'மெல்லப் பேசுங்கள்' படத்தின் 'செவ்வந்திப் பூக்களில்' இரண்டும் பின்னாலேயே வருகின்றன. 2024 மே மாதம் அவர் இறந்த செய்தி வந்தபோது, இரங்கல் எழுதிய பலரும் ஒன்றிரண்டு பாட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். இருப்பதை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்துவைக்க வேண்டும் என்று அப்போதே நினைத்தேன்.

இனி சசிரேகா. 'காயத்ரி' (1977) படத்தின் 'வாழ்வே மாயமா', 'அலைகள் ஓய்வதில்லை' (1981) படத்தின் 'விழியில் விழுந்து' இரண்டும் சேர்ந்தாயிற்று. மற்றவற்றுக்குப் படம் படமாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.